பொதுப்பெயர் பொதுக்குடியாகுமா? வன்னிப் பெயர்கள் குறித்து ஒரு நோக்கு

வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கமாகச் செல்லும் நெடுஞ்சாலையிலும் அதனை அடுத்தும் உள்ள ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போர், அவற்றுட் பல ஒரே ஈற்றினைக் கொண்டு முடிதலைக் காண்பர். நெளுக்குளம், இராசேந்திரங்குளம், வேலங்குளம், பூவரசங்குளம், பறயனாலங்குளம் என அவை அமையும். சாலையை விட்டுச் சற்று விலகின் பாவற்குளமும் செட்டிகுளமும் உள்ளன. ஒரு வீட்டுப் பிள்ளைகள் யாவரும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கும் மேனாட்டு வழக்கினைப் போன்று, இவ்வூர்கள் யாவும் குளம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவ்வூர்களை உள்ளடக்கிய பெருநிலப் பரப்புக்கு வன்னி என்பது பெயர். அதனை ஒருகாலத்து ஆண்டோர்க்கு வன்னியர் என்பது பெயர். பல ஊர்களும் பல மாந்தரும் ஒரு பெயரைப் பகிர்ந்து கொள்ளும்போது அப்பகிர்வு எதனைக் குறிக்கின்றது என்னும் வினாவை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான களம் ஈழத்தில் அரிது எனலாம்.

இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சி வினா அன்று. பெயர் ஒத்திருந்தால் குடியும் ஒத்திருக்கும் என்ற எண்ணம் வரலாற்று நூல்களிலும் இலக்கியங்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் ஆழ வேரூன்றியுள்ளது. அதன் அடுத்த படியாக, பெயர் நம்முடையதாயின் நிலமும் நம்முடையது என்ற முடிபு எளிதில் எட்டப்படுகின்றது. வன்னி நிலம் அரை நூற்றாண்டாகப் பட்ட துன்பங்களுள் ஒரு பகுதி இத்தகைய முடிபுகளால் விளைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆதலின், பெயர்ச் சான்று எத்துணை தாங்கும், எங்கே தாங்காது என்பதை வரையறுத்தல் ஆய்வாளர் கடனாகின்றது.

இதற்கு வேண்டிய கருவி தமிழிலேயே உண்டு. தொல்காப்பியம் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்து நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் ஆகியவற்றை வெவ்வேறாக வைக்கின்றது. அருவாளன், சோழியன் என்பன நிலத்தாற் பெற்ற பெயர்கள். சேரமான், மலையமான் என்பன குடியாற் பெற்றவை. அம்பர்கிழான் என்பது உடைமையாற் பெற்றது. வினைப்பெயரோ தொழிலாலும் செயலாலும் வருவது. ஒருவனுடைய பெயரைக் கேட்டவுடன் அஃது எவ்வகைப் பெயர் என்று முதலில் வினவ வேண்டும் என்பதே இப்பாகுபாட்டின் பயன். இவ்வினாவை எழுப்பாது விட்டமையே வன்னிப் பெயராய்வின் முதற்குறை.

குடும்பப் பெயர் இல்லாத மரபு

தமிழர் பெயரிடு மரபில் மேனாட்டார் கருதும் பொருளிலான குடும்பப் பெயர் இருந்ததில்லை. தந்தையின் பெயர் மைந்தனுடைய பெயருக்கு முன்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அது மறைந்து, மைந்தனின் பெயர் அவ்விடத்தைப் பெறும். இதன் விளைவு யாது என்பதை ஈழத்தின் புகழ்பெற்ற குடும்பமொன்றைக் கொண்டு விளக்கலாம். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் உடன்பிறந்தார். ஆனந்த குமாரசுவாமி அவர்களுடைய தாய்மாமன் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று உலகம் அறிந்த இம்மூவரும் நெருங்கிய இரத்த உறவினர். ஆயின் அவர்கள் அறியப்பட்ட பெயர்களில் அவ்வுறவின் சுவடே இல்லை. மறுபுறம், 1944இல் தமிழ்க் காங்கிரசை நிறுவிய ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரும், முன்னைய இருவரின் தந்தை பெயரும் ஒன்றே. அவ்வொற்றுமை கொண்டு அவர்களை ஒரு குடும்பத்தினர் எனக் கொள்வோர் தவறுவர்.

எனவே தமிழ்ச் சூழலில் உறவு இருக்கும் இடத்திற் பொதுப்பெயர் இல்லை. பொதுப்பெயர் இருக்கும் இடத்தில் உறவு இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. குடியேற்ற ஆட்சியின் படிவங்களும், பிற்காலத்திற் புலம்பெயர் நாடுகளின் கடவுச்சீட்டுக்களும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி நிலைப்படுத்தின. இன்று ஒரே ‘குடும்பப் பெயரோடு’ தொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் இருவர் ஒருவரை ஒருவர் அறியாத இரு தந்தையரின் மக்களாக இருத்தல் இயல்பு. இவ்வடிப்படையை மறந்து, பிற்காலப் படிவத்தின் கண்கொண்டு முற்காலப் பெயர்களை நோக்கும்போதே குழப்பம் தொடங்குகின்றது. வன்னியன் என்ற பெயருக்கு நேர்ந்ததும் இதுவே.

வன்னியன்: எவ்வகைப் பெயர்?

வன்னி என்ற சொல்லுக்கு நெருப்பு என்றும், வன்னி மரம் என்றும், காடு என்றும் பொருள் கொண்டு வெவ்வேறு வரலாறுகள் கட்டப்பட்டுள்ளன. நெருப்பு என்றோர் வேள்வித் தீயிற் பிறந்த குலத்தைக் கண்டனர். காடு என்றோர் காட்டு நிலத் தலைவரைக் கண்டனர். சொற்பிறப்புக் கொண்டு மட்டும் இவ்வழக்கினைத் தீர்த்தல் இயலாது. ஏனெனில், ஒரு சொல் எங்குத் தோன்றியது என்பதும், ஒரு காலத்தில் ஓரிடத்தில் அஃது எதனைச் சுட்டிற்று என்பதும் வெவ்வேறு வினாக்கள். இரண்டாம் வினாவுக்கு வழக்காறே விடை தரவேண்டும்.

வழக்காற்றை நோக்குவோமாயின், இச்சொல் ஒரே குடியைச் சுட்டவில்லை என்பது தெளிவு. தமிழகத்தின் வடபகுதியில் அஃது ஒரு பெருஞ் சமூகத்தின் பெயராயிற்று. அங்கும் முன்னர் வேறு பெயரால் வழங்கப்பட்டோர் நெடுங்காலம் முயன்று அரச பதிவுகளில் அப்பெயரைப் பெற்றனர். தென்பாண்டி நாட்டிலோ மறவருட் சில பாளையக்காரரும் தம்மை வன்னியர் என்றனர். ஈழத்தில் அடங்காப்பற்றுத் தலைவர்கள் வன்னியர் எனப்பட்டனர். மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் முக்குவர் தலைவர்கள் வன்னிமை பூண்டனர். திருகோணமலை வன்னிமையைக் கோணேசர் கல்வெட்டு மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனோடு தொடர்புபடுத்துகின்றது. சிங்கள மக்கள் வாழும் நுவரகலாவியவிலும் வன்னியர் இருந்தனர். குருநாகல் மாவட்டத்தின் வட பகுதி இன்றும் வன்னி ஹத்பத்து எனப்படுகின்றது. சூளவம்சமும் 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து வன்னி அரசரைக் குறிப்பிடுகின்றது. மொழி, குலம், சமயம் ஆகியவற்றால் வேறுபட்ட இத்தனை திறத்தாரும் ஒரே மூதாதையின் வழியினர் எனல் பொருந்தாது. பேரரசின் நேராட்சி முழுமையாக எட்டாத காட்டெல்லைப் புறங்களில், திறை செலுத்தியும் செலுத்தாதும் ஆண்ட குறுநிலத் தலைமையே இவர்களிடையே பொதுவானது. ஆதலின் ஈழத்தைப் பொறுத்தவரை வன்னியன் என்பது குடிப்பெயர் என்பதினும் உடைப்பெயர் எனலே சாலும். வன்னிமையை உடையவன் வன்னியன்.

ஒல்லாந்தர் ஆவணங்கள் இதனை வலியுறுத்துகின்றன. 1697இல் யாழ்ப்பாணத் தளபதி சுவார்தெகுறூன் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் வன்னியர் செலுத்த வேண்டிய யானைத் திறையும் அதன் நிலுவையும் பேசப்படுகின்றன. பனங்காமத்து வன்னியராக அங்குக் கூறப்படுவோருள் தொன் பிலிப்பு நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இலங்கைநாராயணன் ஆகியோர் உளர். முதலாமவருடைய பெயரைப் பகுத்து நோக்குக. தொன் என்பது போர்த்துக்கேய மதிப்புச்சொல். பிலிப்பு திருமுழுக்குப் பெயர். நல்லமாப்பாணன் என்பது வன்னித் தலைவர் பலரிடையே மீண்டும் மீண்டும் வரும் சிறப்புப்பெயர். வன்னியன் என்பது பதவி. நான்கு அடுக்குக்களும் நான்கு வரலாறுகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் மேனாட்டுக் குடும்பப் பெயரன்று.

பதவிப் பெயரை ஆட்பெயராகவும், ஆட்பெயரை நாட்டுப் பெயராகவும் மயங்குதல் புறத்தாரிடையே முன்னரே தொடங்கிவிட்டது. கண்டி அரசிற் சிறையிருந்து 1679இல் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றின் வழியே அரிப்புக்குத் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், அவ்வாற்றுக்கு வடக்கே தமிழர் தலைவனொருவனை ‘கொயிலாற் வன்னியா’ என்று ஒலிக்கத்தக்க பெயராற் குறிப்பிடுகின்றார்; நூலோடு சேர்ந்த படத்தில் அந்நிலப்பரப்பு முழுவதும் அவனுடைய பெயராலேயே சுட்டப்படுகின்றது. ஒல்லாந்தர்க்கு அடங்காது நின்ற கயிலாய வன்னியனே இவன் என்பர். ஒரு மனிதனும் ஒரு பதவியும் ஒரு நாடும் ஒரே பெயருள் மயங்கிய நிலைக்கு இப்படம் நல்ல எடுத்துக்காட்டு.

புறத்தார் மயங்கியதை அகத்தாரின் வரலாற்று நூல்கள் வேறு வகையிற் செய்தன. வையாபாடலும், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியரின் வருகையை ஒரு கூட்டத்தின் குடிவரவாகச் சொல்கின்றன. ஒரு பதவியின் பரவலை ஒரு குலத்தின் பயணமாக மாற்றிக் கூறுதல் அந்நூல்களின் பொது இயல்பு. குலமரபு கூறுதலே பெருமைக்கு வழி என்றிருந்த காலத்து நூல்களை இதன்பொருட்டுக் குறைகூறல் வேண்டா. ஆயின் அவற்றை அவ்வாறே வரலாறாகக் கொள்ளும் பிற்காலத்தார் குறைகூறலுக்கு உரியர். சி. பத்மநாதன் 1970இல் வெளியிட்ட ‘வன்னியர்’ என்ற நூல் தமிழ், பாளி, சிங்கள மூலங்களை ஒருங்கு நோக்கும் வழியைத் திறந்தது. அவ்வழியிற் செல்லாது, இன்றும் மேடைகளில் வையாபாடற் கதையே வரலாறாகச் சொல்லப்படுதல் வருந்தத் தக்கது.

பண்டாரனும் காக்கையும்

பெயரை இரத்தமாகக் கொள்ளும் நோக்கு இலக்கியத்தில் எத்தகைய இடர்ப்பாட்டினை விளைக்கும் என்பதற்குப் பண்டார வன்னியன் கதை சான்று. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய அவன், அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவனிடம் தோல்வியுற்றான். ஆங்கிலேயர் அங்கு நட்ட கல் தோல்வியையே கூறிற்று, மரணத்தைக் கூறவில்லை. எனினும் பிற்காலக் கதை அக்கல்லையே வீரமரணத்தின் நடுகல்லாக வாசித்தது.

முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் வன்னி மண்ணின் மேடைகளில் இக்கதையை நிலைநாட்டியது. தமிழகத்தில் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என நாவலாக எழுதினார். மக்களிடையே வழங்கும் இக்கதையில் வீரனுக்கு எதிர்நிலையில் நிற்பவன் காக்கை வன்னியன், அவனே காட்டிக்கொடுத்தவன். இப்பெயர் புதியதன்று. யாழ்ப்பாண வைபவமாலையிற் சங்கிலியைப் பறங்கியர்க்குக் காட்டிக்கொடுப்பவனும் காக்கை வன்னியனே. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் முற்றாக வீழ்ந்தது 1619இல். பண்டார வன்னியனின் போர் நிகழ்ந்தது 1803இல். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே பெயருடைய ஒருவன் ஒரே தொழிலைச் செய்ய மீண்டும் வருகின்றான்.

இரண்டு வேறு காக்கை வன்னியர் இருந்திருக்கலாம் எனச் சமாதானம் கூறுவர். அவ்வாறு கொள்ளினும், கதையாக்கத்தின் போக்கு மாறாது. வீரமும் துரோகமும் பெயரோடு பிறந்து பெயரோடு தொடர்வன என்ற எண்ணமே இங்குத் தொழிற்படுகின்றது. இவ்வெண்ணத்தின் குறை கதைக்குள்ளேயே வெளிப்படுகின்றது. வன்னியன் என்ற பெயர் வீரக்குடியின் அடையாளம் என்று முழங்கும் படைப்பு, துரோகியின் பெயரிலும் அதே சொல்லைத் தாங்குகின்றது. பெயர் குடியைக் குறிக்குமாயின், குடி நடத்தையை உறுதிசெய்யவில்லை. நடத்தையை உறுதிசெய்யுமாயின், பெயர் குடியைக் குறிக்கவில்லை. இருவரும் அவரவர் வன்னிமையைக் காக்க முயன்ற குறுநிலத் தலைவர் எனக் கொள்ளின், ஒருவன் எதிர்த்ததும் மற்றவன் இணங்கியதும் அரசியற் காரணங்களால் விளங்கும். திறை, யானை, படைவலு, அயலவனோடு இருந்த பகை என்பன அப்பொழுது கதைக்குள் வரும். கதை ஆழம் பெறும். துரோகம் என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் விளக்கிவிடும் எளிமை, மேடையிற் கைதட்டல் பெறினும், வன்னிமை என்னும் அமைப்பு எவ்வாறு சிதைந்தது என்பதை மறைத்துவிடுகின்றது. வன்னி நாடகங்கள் மீது வைக்கத்தக்க முதன்மையான குறை இதுவே. அவை மண்ணுக்கு ஒரு வீரனைத் தந்தன. அவ்வீரன் ஆண்ட சமூகத்தைத் தரவில்லை.

பதவி மறைந்த பின்னர் இப்பெயர் ஆட்பெயர்களிலும் தங்கிற்று. 1949இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரும், 1947 முதல் 1959இல் மறையும் வரை கோப்பாய்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கியவருமான கு. வன்னியசிங்கம் யாழ்ப்பாணத்தவர். 1965 முதல் 1970 வரை நிதியமைச்சராக இருந்த யூ. பி. வன்னிநாயக்க சிங்களவர். இரு பெயர்களின் முதனிலையும் ஒன்றே. இதனைக் கொண்டு ஒருவரை மற்றவர் குடிக்குள் இழுத்தல் நகைப்புக்கிடமாகும். ஆயின் ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை இதே நகைப்புக்கிடமான செயல் ஆய்வு என்ற பெயரில் நடைபெற்று வருகின்றது.

குளம் என்னும் ஈறு

வன்னி ஊர்ப்பெயர்களை முறையாக நோக்கியோருள் முன்னோடி ஜே. பி. லூயிஸ். 1895இல் அவர் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றும் பயனுடையது. ஊர்ப்பெயரின் ஈறுகளையும், முன்னே வரும் மரப்பெயர்களையும் அவர் கவனித்தார். நிருவாகியின் நோக்கு நிரல்படுத்தலோடு நின்றுவிடும். அந்நிரல் யாது கூறுகின்றது என்பதைத் தமிழாய்வாளரே சொல்ல வேண்டும்.

பூவரசங்குளம் என்ற பெயர் பூவரசு, குளம் என்னும் இரண்டனாலானது. முன்னது வேறுபடுத்தும் சொல், பின்னது பொதுச்சொல். முன்னே நிற்பது மரமாகலாம், கொடியாகலாம், மனிதனாகலாம். பாவற்குளத்திற் பாவற்கொடி, கனகராயன்குளத்தில் ஒருவனுடைய பெயர். அக்கனகராயன் பெயரையே அவ்வூரை அடுத்து ஓடும் ஆறும் பெற்றுக் கனகராயனாறு எனப்படுகின்றது. புளியங்குளம் என்ற பெயர் வன்னியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அமைந்தமையால் வைரவபுளியங்குளம், ஆண்டியாபுளியங்குளம் என மேலும் ஒரு முன்னொட்டு வேண்டியதாயிற்று. ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்தத் தந்தையின் பெயரை முன்னே வைக்கும் தமிழ் வழக்கே ஊர்களுக்கும் செல்கின்றது என்பது இவ்விடத்து மனங்கொளத் தக்கது.

பொதுச்சொல்லாக நிற்கும் குளம் எதனைப் பொதுவாக்குகின்றது? இரத்தத்தையன்று, நீரையும் நீர்சார்ந்த தொழிலையும். மழை பெய்யும் சில மாதங்களின் நீரைத் தேக்கி, துருசு வழியாக வாய்க்காலுக்கு விட்டு, நெல் விளைவித்து வாழும் வறள்வலய நிலத்திற் குளமில்லாத இடத்தில் ஊர் நிலைபெறல் அரிது. குளக்கட்டு உடையின் ஊர் உடையும். கரிப்பட்டமுறிப்பு, மூன்றுமுறிப்பு, அரசமுறிப்பு எனக் கட்டு முறிந்த நிகழ்ச்சியையே பெயராகக் கொண்ட ஊர்கள் இதற்குச் சான்று. கட்டினைத் திருத்துதல், வான் பாயும்போது காத்தல், நீரை முறைவைத்துப் பகிர்தல் ஆகியன தனியொருவராற் செய்யப்படுவன அல்ல. எங்கிருந்து வந்தவராயினும், எக்குலத்தவராயினும், அக்குளத்தின் கீழ் வயல் செய்வோர் அவ்வேலையிற் பங்குகொண்டாக வேண்டும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவின் குளங்களை அடுத்துக் குடியேறிய மக்கள் அவ்வூர்களின் மக்களானமை இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. ஆகவே வன்னியின் உண்மையான ‘குடும்பப் பெயர்’ எதுவெனின், வன்னியன் என்பதன்று, குளம் என்பதே. முன்னது ஆண்டோரைப் பிரித்த பெயர். பின்னது உழுதோரைச் சேர்த்த பெயர்.

எல்லைக்கு அப்பாலும் இக்குடும்பம் தொடர்கின்றது. அநுராதபுரத்தை அடுத்துப் பழைய விகாரைச் சிதைவுகள் உள்ள இடமொன்றின் பெயர் புளியங்குளம. நுவரகலாவியப் பெருங்குடும்பமொன்றின் பெயர் புலங்குளம. 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்றுப் படிவைப் பன்னாட்டு நிறுவனத்துக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து அவ்வூரவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொன்மையான குளத்துநீர் அமைப்புக்களின் பெருமையும் அத்தீர்ப்பில் எடுத்துரைக்கப்பட்டது. சட்ட நூல்களில் அவ்வழக்கு முதல் மனுதாரரின் பெயரால் ‘புலங்குளம வழக்கு’ என வழங்குகின்றது. குளத்தைக் காக்க எழுந்த வழக்கின் பெயரிலேயே குளம் அமைந்தமை தற்செயல். ஆயின் சிங்களக் குடும்பப் பெயர் ஒன்றில் அச்சொல் வாழ்தல் தற்செயலன்று. ஒரே வறள்வலயத்தில் ஒரே வகைக் குளங்களின் கீழ் இரு மொழியினரும் அடுத்தடுத்து வாழ்ந்த நெடுங்கால உறவின் பதிவு அது.

இவ்வுறவினை உரிமை வழக்காக மாற்றுவோர் இருதிறத்தும் உளர். சிங்கள ஊர்ப்பெயரிற் குளம் என்ற ஈற்றைக் கண்டவுடன் அவ்வூர் முன்னர்த் தமிழூர் என்பர் ஒரு சாரார். வெவ என்பதே தமிழில் குளமாக மொழிபெயர்க்கப்பட்டது. ஆதலின் தமிழூர் யாவும் முன்னர்ச் சிங்களவூர் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரின் வாதமும் அமைப்பில் ஒன்றே. இரண்டும் பெயரின் மொழியைப் பெயரிட்டோரின் இனமாகவும், அவ்வினத்தை இன்றைய உரிமையாளராகவும் இரு பாய்ச்சலிற் கொள்கின்றன. இடையில் அயல்மொழிச் சொல்லைக் கடன்கொள்ளலும், இருமொழி பேசலும், கைவிடப்பட்ட குளத்தைப் புதியோர் திருத்திக் குடியேறலும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை இரண்டும் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் ஊர்ப்பெயர் ஒரு காலத்தில் ஒரு மொழி அங்கு வழங்கியதற்குச் சான்றாகலாம். அதற்கு மேல் அதனை நீட்டுதல் சான்றின் வலுவுக்கு அப்பாற்பட்டது.

இடப்பட்ட பெயரும் வாழ்ந்த பெயரும்

இதனாற் பெயர்மாற்றம் பொருட்படுத்தத் தக்கதன்று என யாரும் கொள்ளல் ஆகாது. 1980களில் மணலாறு வெலிஓயா எனப்பட்டபோது சொற்பொருள் மாறவில்லை. இரண்டும் மணல் ஆறு என்றே பொருள்படும். மாறியது, அப்பெயரைச் சொல்லி அங்கு வாழ்ந்தோர் யார் என்பதே. மக்கள் வெளியேற்றப்பட்டுப் புதியோர் இருத்தப்பட்டமையால் மொழிபெயர்ப்பும் அங்கே ஆட்சிச் செயலாயிற்று. அநீதி சொல்லில் அன்று, இடப்பெயர்ச்சியில் இருந்தது என்பதை உணரின், எதிர்ப்பும் சொல்லோடு நிற்காது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2009இல் போரின் இறுதியில் இடம்பெயர்ந்த மக்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். அம்முகாமின் பிரிவுகளுக்கு இடப்பட்ட பெயர்கள் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்பன. தமிழ்ப் பெயர்கள், பெருமைக்குரிய மாந்தரின் பெயர்கள். பெயரின் மொழி உரிமையைத் தருமாயின், அம்முகாம் மக்கள் தம் சொந்த இடத்தில் இருந்தனர் எனல் வேண்டும். அவ்வாறு சொல்ல மனம் துணிவார் யார்? உறவினராகிய மூவரின் பெயர்கள் அங்கு வேலிகளுக்கு இடைப்பட்ட வலயங்களின் பெயர்களாயின. அவ்வேலிகளுக்குள் இருந்தோர் தம்மை இராமநாதன் வலயத்தார் என்று அறிமுகம் செய்துகொண்டது அடையாள அட்டையின் தேவைக்கு மட்டுமே. ஒருவரையொருவர் விசாரிக்கும்போது எந்த ஊர் என்பதே வினா. விடை ஒரு குளத்தின் பெயராகவோ, முறிப்பின் பெயராகவோ, மடுவின் பெயராகவோ இருந்திருக்கும். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டதும் அவ்வலயப் பெயர்கள் மறைந்தன. அவற்றை ஊர்ப்பெயராக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அதிகாரம் இட்ட பெயர் அதிகாரம் விலகியதும் உதிர்ந்தது. உழைப்பு இட்ட பெயர் மக்கள் திரும்பும்வரை காத்திருந்தது.

வன்னிப் பெயராய்வு இனிச் செல்லவேண்டிய திசையை இது காட்டுகின்றது. வன்னியர் என்ற பெயரால் ஒரு குலத்தின் பெருமையைத் தேடுவதற்குப் பல ஏடுகள் செலவிடப்பட்டுள்ளன. ஒரு குளத்தின் பெயரையும், அதன் துருசு, வாய்க்கால், வயற்றுண்டுகளின் பெயர்களையும், அவற்றை வழங்கிய குடும்பங்களின் வருகை வரலாற்றையும் ஊர் முதியோரிடம் கேட்டுத் தொகுப்பதற்கு மிகச் சில ஏடுகளே செலவிடப்பட்டன. போர் பல முதியோரைக் கொண்டு சென்றுவிட்டது. எஞ்சியோரின் நினைவும் நெடுங்காலம் நில்லாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க்குளம் ஒன்றனையேனும் இவ்வாறு பதிவுசெய்யின், பத்தாண்டுகளில் வன்னியின் உண்மையான வரலாற்றுக்கு வேண்டிய மூலங்கள் உருவாகிவிடும். பூவரசங்குளத்தின் பெயருக்குக் காரணமான மரம் குளத்தின் எப்பக்கத்தில் நின்றது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயின் அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடியோர் அவ்வூரில் இருக்கும்வரையிலேயே அப்பெயர் வெறும் பெயர்ப்பலகையாகாது நிலைக்கும்.